ஆராய்ச்சிப் பேச்சும் நம்மவரும்

பல்கலைக்கழகம் என்றால் நம்மவருள் பெரும்பாலோர் மதிற்சுவருக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். பிள்ளையைச் சேர்க்க விண்ணப்பத்தாள் வாங்கப் போவதுண்டு. சான்றிதழில் முத்திரை பெறப் போவதுண்டு. உள்ளே இருப்பவர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்பதற்காக எவரும் போவதில்லை. பிழைப்பை நாடி ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது என்று கேட்டால், அக்கேள்வி நியாயமானதே. ஆயினும், பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன ஓர் இரயில்வே எழுத்தனாகிய நான், 2022-ஆம் ஆண்டு முதல், விடுப்பு அமையும் சனிக்கிழமைகளில், சூழலியல் ஆராய்ச்சியாளர் கூடிப் பேசும் ஒரு மன்றத்தின் கடைசி வரிசையில் அமர்ந்து கேட்டு வருகிறேன். அங்கே பேசப்படுவது நம்முடைய மலை, நம்முடைய ஓடை, நம்மவர் குடியிருக்கும் லயம். நம்மவரை மாத்திரம் அங்கே காண்பதற்கில்லை. நம் சங்கச் செயலாளர் இதைக் கேள்வியுற்று, "கேட்டதை எழுதும், நாலு பேருக்குப் பயன்படட்டும்" என்று வற்புறுத்தியமையால் எழுதத் துணிந்தேன்.

சூழலியல் என்பது யாது என்று முதலில் சொல்லிவிட வேண்டும். ஓரிடத்து மண், நீர், மரம், விலங்கு, மனிதன் ஆகிய அனைத்தும் ஒன்றையொன்று எவ்வாறு சார்ந்து வாழ்கின்றன என்று ஆராயும் கல்வி அது. 1866-ஆம் ஆண்டில் எர்ன்ஸ்டு ஹெக்கல் என்ற ஜெர்மானிய அறிஞர், வீடு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குப் பெயர் அமைத்தார். ஆகவே வீட்டைப் பற்றிய கல்வி என்றே கொள்ளலாம். வீடு என்ற சொல் நம் தோட்டத் தொழிலாளருக்கு எப்படிப்பட்ட சொல் என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

நான் அங்கே போய்ச் சேர்ந்த வகை இது. பாலக்காடு சந்திப்பில் பார்சல் அலுவலகத்தில் எனக்கு வேலை. 2022-ஆம் ஆண்டு மே மாதம், இடவப்பாதி மழைக்குச் சற்று முன்னதாக, ஒரு பெண் தம் பெயருக்கு வந்த நான்கு பெட்டிகளை எடுத்துக்கொள்ள வந்தார். திண்டுக்கல் பக்கத்துப் பெண், ஆராய்ச்சி மாணவி. பெட்டி ஒன்றின் மூலை நசுங்கியிருந்தது. உள்ளிருப்பது உடைந்திருக்குமோ என்று அவர் முகம் வாடிவிட்டது. என் முன்னிலையிலேயே திறந்து பார்த்தார். புனலும் உருளையுமாக ஏதோ கருவிகள். "என்னம்மா இது, எண்ணெய் அளக்கிறதா?" என்று கேட்டேன். "மழை அளக்கிறது அண்ணா. மூணாறுப் பக்கம் வைக்கப் போகிறோம்" என்றார். மூணாறு என்ற சொல் காதில் விழுந்ததும் கையெழுத்து வாங்க வேண்டிய புத்தகத்தை அப்படியே வைத்துவிட்டேன். என் தாய்மாமன் குடும்பம் மூன்று தலைமுறையாகத் தேவிகுளம் வட்டத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறது. எங்கே வைப்பீர்கள், எதற்காக வைப்பீர்கள் என்று நான் அடுக்கிய கேள்விகளுக்கெல்லாம் நின்று விடை சொல்ல அவருக்குப் பொழுதில்லை. "சனிக்கிழமை இதைப் பற்றித்தான் பேசுகிறோம், நீங்களும் வாருங்கள், யாரும் தடுக்க மாட்டார்கள்" என்று சொல்லிப் போய்விட்டார். உண்மையாகவே யாரும் தடுக்கவில்லை.

அங்கே பேச்சு இரண்டு விதம். ஒன்று, முறைப்படி நடப்பது. ஒருவர் முக்கால் மணி நேரம் திரையில் படங்களும் கோடுகளும் காட்டிப் பேசுவார், பிறகு கேள்விகள். பெரும்பகுதி ஆங்கிலம், இடையிடையே மலையாளம். எனக்குப் பாதி விளங்கும். மீதியைப் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்த்து ஊகித்துக்கொள்வேன். மற்றொன்று, அது முடிந்தபின் தேநீரும் பழம்பொரியும் வைத்துக்கொண்டு மரத்தடியில் நடப்பது. என் அனுபவத்தில் இரண்டாவதுதான் சிறந்தது. முடியாத ஆராய்ச்சி, பாதியில் நிற்கும் ஐயம், கணக்கு உதைக்கும் இடம் ஆகியவையெல்லாம் அங்கேதான் வெளிவரும். இருபத்தைந்து வயதுப் பையன் ஒருவன், நரைத்த பேராசிரியரைப் பார்த்து, "தாங்கள் சொல்வதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்கிறான். அவரும் சினம் கொள்ளாமல் ஆதாரத்தைச் சொல்கிறார். இல்லாவிட்டால் இல்லை என்கிறார். அலுவலகத்தில் மேலதிகாரியிடம் இப்படிக் கேட்டுவிட்டு நான் மறுநாள் அதே மேசையில் உட்கார்ந்திருக்க முடியுமா என்று எண்ணிச் சிரித்துக்கொண்டேன்.

நான் கேட்ட முதற் சில பேச்சுகளுள் ஒன்று நம்முடைய பாலக்காட்டுக் கணவாயைப் பற்றியது. மேற்குத் தொடர்ச்சி மலையில் 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்கு உள்ள இந்த இடைவெளி வழியாகத்தான் 1862-ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்கு இரயில் வந்தது. அதன் வழியாகத்தான் நம்மில் பலருடைய பாட்டன்மாரும் வந்தார்கள். நமக்கு இது வாசல். மலைச் சோலையில் வாழும் சிறு பறவைகளுக்கோ இது கடக்க முடியாத கடல். உயர்ந்த குளிர்ந்த சோலையை விட்டு இறங்கி, வெயில் காயும் இந்தச் சமவெளியைத் தாண்டி எதிர்மலைக்குப் போக அவற்றால் இயலாது. பல இலட்சம் ஆண்டுகளாகப் பிரிந்திருந்தமையால், நீலகிரிப் பக்கத்துப் பறவை வேறு, ஆனைமலை, பழனிமலைப் பக்கத்துப் பறவை வேறு என்று ஆகிவிட்டன. இன்னும் தெற்கே, செங்கோட்டைக் கணவாய்க்கு அப்பால், மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறதாம். 2017-ஆம் ஆண்டில் இவற்றுக்குப் புதிய விஞ்ஞானப் பெயர் சூட்டியபோது, நம் சோலை என்ற சொல்லையே எடுத்து ‘ஷோலிகோலா’ என்று வைத்தார்கள். அந்த இரண்டு கணவாய்களிலும் இரயில் ஓடுகிறது என்பதை அன்று அந்த மன்றத்தில் என்னைத் தவிர வேறு எவரும் பொருட்படுத்தியதாகத் தோன்றவில்லை.

யானையின் கதையும் இதை ஒட்டியதே. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் 1983-ஆம் ஆண்டில் மாதவ் காட்கில் அவர்கள் தொடங்கிய சூழலியல் மையத்தில், சென்னையைச் சேர்ந்த இராமன் சுகுமார் என்ற நம்மவர் யானைகளைப் பற்றி வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்து வந்திருக்கிறார். அவரும் வித்யா முதலிய ஆராய்ச்சியாளரும் காட்டில் கிடந்த யானை லத்தியை எடுத்துச் சோதித்து, கணவாய்க்கு வடக்கேயுள்ள யானைக் கூட்டமும் தெற்கேயுள்ள கூட்டமும் மரபால் வேறுபட்டவை என்று 2005-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள்.

வாளையாறு, மதுக்கரை என்ற பெயர்களை இரயில்வேயில் இருப்பவர் எவரும் வெறும் நிலையப் பெயர்களாகக் கேட்பதில்லை. அங்கே காட்டின் ஊடே ‘ஏ’, ‘பி’ என்று இரண்டு பாதைகள் பிரிந்து செல்கின்றன. 2021 நவம்பர் 26-ஆம் நாள் இரவு அப்பாதையில் மூன்று யானைகள் இரயில் மோதி இறந்தன. மறுநாள் அலுவலகத்தில் எவருக்கும் பேச்சு எழவில்லை. யானை இறந்தால் வண்டி ஓட்டியவருக்கு என்ன ஆகும் என்பதே எங்களுள் சிலருடைய கவலை. பாதையை அங்கே போட்டவன் இன்றில்லையே என்று ஒரு முதியவர் முணுமுணுத்தார். இருட்டில், வளைவில், விளக்கொளி எட்டும் தூரத்துக்குள் அவ்வளவு எடையுள்ள வண்டியை நிறுத்த எந்த ஓட்டுநராலும் ஆகாது. இரவில் வேகத்தைக் குறைக்கச் சொல்லிக் காஷன் ஆர்டர் கொடுப்பதும், வேலையாட்களை விட்டுப் பாதையைப் பார்க்கச் சொல்வதும் நெடுங்காலமாக உண்டு. யானை எந்த இடத்தில், எந்தப் பருவத்தில், எந்த நேரத்தில் கடக்கிறது என்று ஆண்டுக்கணக்காகக் குறித்து வைத்தவர்கள் ஆராய்ச்சியாளரும் வனத்துறையினருமே. அந்தக் குறிப்புகள் இல்லாவிட்டால், 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு வனத்துறை மதுக்கரையில் 12 கோபுரங்களை நட்டு, இருளிலும் உடற்சூட்டைக் காணும் கேமராக்களைப் பொருத்தி, யானை பாதையை நெருங்கும்போதே நிலையத்துக்குச் செய்தி போகும்படி செய்த ஏற்பாட்டில், கோபுரத்தை எங்கே நடுவது என்றே தெரிந்திருக்காது. மரத்தடியில் பழம்பொரி தின்றுகொண்டு பேசும் பேச்சு வண்டியின் வேகத்தை மாற்றுகிறது என்பதை நான் கண்டுகொண்டது இவ்விதமாகத்தான்.

இதற்கு முன்னோடியாக நம் பாலக்காட்டு மாவட்டத்திலேயே நடந்தது அமைதிப் பள்ளத்தாக்கின் கதை. மண்ணார்க்காட்டுக்கு வடக்கே குந்திப்புழையின் குறுக்கே அணை கட்டி 120 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் திட்டத்துக்கு 1973-ஆம் ஆண்டில் ஒப்புதல் கிடைத்தது. நீரில் மூழ்க இருந்தது ஏறத்தாழ 830 ஹெக்டேர் காடு. மலபாருக்கு மின்சாரம் தேவை என்பதை எவரும் மறுக்கவில்லை. அங்கே வாழும் சோலைமந்தி என்னும் சிங்கவால் குரங்கைப் பற்றிப் பேசியவர்களைப் பார்த்து, "உங்களுக்குக் குரங்கு பெரிதா, மனிதன் பெரிதா?" என்று கேட்டார்கள். கேள்வி சுலபம், கைதட்டும் கிடைக்கும். அந்தக் குரங்கின் வாழ்க்கையை அதற்கு முன்பே ஸ்டீவன் கிரீன் என்ற அமெரிக்கர் நம் திருநெல்வேலிச் சீமையின் களக்காட்டு மலைகளில் தங்கி ஆராய்ந்திருந்தார். வெடிப்பலா மரத்தின் பூவும் விதையும் அதற்கு முக்கிய உணவு. அந்த மரம் இல்லாத இடத்தில் அதற்குப் பிழைப்பு அரிது. மரத்தை விட்டு இறங்கி வெட்டவெளியைக் கடந்து வேறு காடு தேடிப் போகும் பழக்கமும் அதற்குக் குறைவு.

ஆனால் அணையை நிறுத்தியது குரங்கு மாத்திரமன்று. 1962-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத்து, தாவரவியல் பேராசிரியர் எம்.கே. பிரசாத் உள்ளிட்ட ஐவரைக் கொண்டு 1979-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. அவர்களுள் பொறியாளரும் இருந்தனர், பொருளாதாரம் கற்றவரும் இருந்தார். காட்டை மாத்திரம் பேசாமல், இந்த மின்சாரத்தை வேறு வழியில் பெற இயலுமா, செலவென்ன, வரவென்ன என்று கணக்கிட்டார்கள். பின்பு அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்திலும் வாசகசாலையிலும் கூட்டம் போட்டு, மக்களுடைய மொழியாகிய மலையாளத்திலேயே பேசினார்கள். எதிர்த்தவரும் எழுந்து கேட்டார்கள், விடை கிடைத்தது. எம்.ஜி.கே. மேனன் தலைமையிலான குழு 1983-இல் தன் அறிக்கையைத் தந்தது. 1984 நவம்பர் 15-ஆம் நாள் அப்பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. தலைச்சேரியில் பிறந்து, கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்திலும் இங்கிலாந்திலும் பணியாற்றிய ஜானகி அம்மாள் என்ற மூதாட்டி, எண்பது வயதைக் கடந்த பின்னும் அக்காட்டுத் தாவரங்களை ஆராய முற்பட்டார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் மதுரவாயல் ஆய்வுக்கூடத்தில் இருந்துகொண்டு உழைத்த அவர், 1984 பிப்ரவரியில் காலமானார். அறிவிப்பைக் காண அவருக்குச் சில மாதங்களே குறைந்தன.

இதைக் கேட்டபோது எனக்கு ஒரு பொறாமை உண்டாயிற்று என்பதை மறைக்க விரும்பவில்லை. மலையாளிக்கு மலையாளத்தில் சொன்னார்கள். அதே மலைத்தொடரில் வாழும் தமிழருக்குத் தமிழில் சொன்னவர் யார்? அட்டப்பாடியில் தமிழ் பேசுவோர் உண்டு. தேவிகுளம், பீருமேடு வட்டங்களின் தோட்டங்களில் தமிழரே பெரும்பான்மை. குறிஞ்சி என்று ஒரு திணைக்கே பூவின் பெயரை வைத்தவர்கள் நாங்கள் என்று மேடையில் முழங்குகிறோம். அந்தப் பூ 2018-இல் மூணாற்றில் பூத்தபோது பேருந்து ஏறிப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வந்தோம்; அடுத்தது 2030-இல். இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டில் அந்த மலைச்சரிவு என்ன ஆகிறது என்று கேட்பவர் நம்மில் எத்தனை பேர்?

கேட்காததன் விலையை என் மாமன் வீட்டிலேயே பார்த்தேன். காட்கில் அவர்கள் தலைமையில் 2010-ஆம் ஆண்டில் அமைந்த குழு, மேற்குத் தொடர்ச்சி மலை முழுவதையும் ஆராய்ந்து 2011 ஆகஸ்டில் அறிக்கை தந்தது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அது பொதுமக்கள் பார்வைக்கு வந்ததே 2012-இல்தான். கிராம சபைகளில் வைத்து விவாதியுங்கள் என்று அறிக்கையே சொல்லியிருந்தும், அவ்வாறு நடக்கவில்லை. 2013-இல் கஸ்தூரிரங்கன் குழுவின் அறிக்கை வந்து, கேரளத்தில் 123 கிராமங்கள் பட்டியலில் இடம்பெற்றன. அந்த நவம்பரில் இடுக்கி மாவட்டமே கடையடைப்பும் ஊர்வலமுமாகக் கொந்தளித்தது. லயத்தில் அப்போது எட்டிய செய்தி ஒன்றே: "எல்லோரையும் மலையை விட்டு இறக்கிவிடப் போகிறார்கள்." அறிக்கையில் அப்படி இருக்கிறதா இல்லையா என்று பார்த்துச் சொல்ல அங்கே ஆள் இல்லை. மாமா இரண்டு மாதம் தூக்கமின்றி இருந்தார். அறிக்கையின் நன்மை தீமைகளை எடைபோட நான் தகுதியுடையவன் அல்லன். ஒரு காகிதத்தைப் படிக்காமலே அதற்காக அழுத குடும்பங்களைக் கண்டிருக்கிறேன்; அவ்வளவே.

இனி மழைக்கு வருகிறேன். இரயில்வேக்காரன் என்ற முறையில் மூணாற்றைப் பற்றி எனக்கு ஒரு தனிப் பற்று உண்டு. அங்கே ஒரு காலத்தில் இரயில் ஓடியது என்பதை இளைஞர் பலர் அறியார். குண்டளைப் பள்ளத்தாக்கு இரயில்வே என்று பெயர். 1902-இல் ஒற்றைத் தண்டவாளமாகத் தொடங்கி, 1908-இல் குறுகிய இருப்புப்பாதையாக மாறி, மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை தேயிலை சுமந்தது. அங்கிருந்து கம்பிவடத்தில் பெட்டிகள் இறங்கி, போடி வழியாகத் தமிழ்நாட்டுக்கு வந்தன. 1924 ஜூலையில் பெய்த பெருமழை அந்தப் பாதையை அடித்துக்கொண்டு போயிற்று. மலையாள ஆண்டுக் கணக்கில் அது 1099. ஆகையால் இன்றும் கிழவர்கள் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் என்பார்கள். பாதையைத் திரும்பப் போடவே இல்லை.

மழை இரயிலோடு நிற்கவில்லை. 2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு, இராஜமலைக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்து நான்கு லயங்களை மூடியது. 70 பேர் மாண்டார்கள்; அவர்களுள் நால்வரின் உடல் கிடைக்கவே இல்லை. பெரும்பாலோர் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு வட்டாரத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் போனவர்களின் வழிவந்தோர். தொலைபேசித் தொடர்பு அற்றுப்போயிருந்தமையால் செய்தி வெளியே வரவே மறுநாள் காலை ஆயிற்று. நம் வீடுகளில் இதைப் படிப்பவருள் சிலருக்கு அங்கே உறவு இருந்திருக்கும். ஆகவே மேலே விவரிக்க மனம் வரவில்லை. ஒரு கணக்கை மாத்திரம் சொல்கிறேன். 24 மணி நேரத்தில் 204.4 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தால் அதை அதி கனமழை என்று வானிலைத் துறை வகுத்திருக்கிறது. பெட்டிமுடியில் அன்று பெய்தது 600 மில்லிமீட்டருக்கும் மேல்.

நான் கேட்ட பேச்சுகளுள் இதைப் பற்றிய பேச்சே என்னை எழுந்து நிற்க வைத்தது. அந்தத் திண்டுக்கல் பெண்தான் பேசினார். மலைச்சரிவின் படத்தைத் திரையில் காட்டினார்; ஆபத்தான பகுதி சிவப்பு. சிவப்பின் நடுவே சிறு சிறு கட்டங்கள். அவை லயங்கள் என்று பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. மலை சரிவதற்கு முன் அறிகுறிகள் உண்டா என்று ஒருவர் கேட்டார். கருவிகளைப் பற்றி விடை வந்தது. அப்போது எனக்கு அத்தை ஒருமுறை சொன்னது நினைவுக்கு வந்தது. முப்பது ஆண்டு கொழுந்து பறித்தவர் அவர். "மருமகனே, அடைமழை பெய்யும்போது ஓடையிலே தண்ணி திடீரென்று குறைஞ்சா, இல்லே கலங்கிச் செம்மண்ணாப் போனா, மேலே ஏதோ அடைச்சிருக்குன்னு அர்த்தம். அப்போ சட்டி பானையைப் பார்க்காதே, பிள்ளையைத் தூக்கிக்கிட்டு ஓடு" என்பார். நான் எழுந்து அதைத் தமிழிலேயே சொன்னேன். அவையில் ஒரு நிமிடம் அமைதி. பின்பு பேராசிரியர் மலையாளத்தில், "நூலில் உள்ளதும் அதுவே, மேலே சரிந்த மண் ஓடையை அடைத்துக்கொண்டால் கீழே நீர் குறையும், அடைப்பு உடைந்தால் எல்லாம் சேர்ந்து வரும். அந்த அம்மாள் இதை எங்கே கற்றார்?" என்று கேட்டார். பார்த்துக் கற்றார் என்றேன். தேநீர் வேளையில் அந்தப் பெண் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு என்னருகே வந்து, "அத்தையிடம் நான் பேசலாமா அண்ணா?" என்றார்.

அத்தையோ எளிதில் பிடிகொடுப்பவர் அல்லர். தொலைபேசியில் இதைச் சொன்னதும், "சிவப்புன்னு படம் போட்டா போதுமா? எங்கே போகச் சொல்றா உன் டீச்சரம்மா?" என்று கேட்டார். வீடு என்ற சொல்லைப் பற்றிப் பின்னர்ச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? தோட்டத்தில் வேலை உள்ளவரைதான் லயத்தில் அறை. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். பிள்ளைகளுள் ஒருவர் வேலையில் இருந்தால் அந்த அறையில் ஒட்டிக்கொள்ளலாம். சொந்தமாக ஒரு சென்ட் நிலம் இல்லை. திருநெல்வேலிச் சீமையில் பூர்வீக ஊரின் பெயர் தெரியும். வீடு இருந்த இடம் தெரியாது. சிவப்புப் படத்துக்கு வெளியே போ என்பவர், போய் நிற்க ஓர் இடத்தையும் காட்ட வேண்டும். இதை நான் மன்றத்தில் சொன்னபோது எவரும் மறுக்கவில்லை. தங்கள் துறைக்குள் இதற்கு விடை இல்லை என்று ஒப்புக்கொண்டார்கள்.

விடை இல்லாத இடத்தில் மழைமானி வந்தது. நசுங்கிய பெட்டியில் இருந்த கருவி பழுதாகவில்லை. அதையே அத்தை வீட்டுக்குக் கொடுத்தார்கள். கூரையிலிருந்தும் மரத்திலிருந்தும் விலகிய வெட்டவெளியில் நட வேண்டும். நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அளவைப் படிக்க வேண்டும். படித்த நீரைக் கொட்டிவிட வேண்டும். பொறுப்பை ஏற்றவள் மச்சான் மகள், ஒன்பதாம் வகுப்பு. பள்ளிப் பேருந்து அதற்கு முன்பே வந்துவிடுவதால், பள்ளி நாட்களில் அளப்பவர் அத்தை. எழுதத் தெரியாதவர் ஆகையால் அளவுக் குவளையில் நீர் நின்ற கோட்டைக் கரித்துண்டால் சுவரில் குறித்து வைப்பார். மாலையில் பேத்தி அதை எண்ணாக மாற்றித் தொலைபேசியில் அனுப்புவாள். வயநாட்டில் கல்பற்றாவிலுள்ள ஹியூம் சூழலியல் மையம் இதே முறையில் இருநூறுக்கு மேற்பட்ட இடங்களில் மழையை அளக்கிறது. 2024 ஜூலை 30-ஆம் நாள் அதிகாலையில் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளில் மலை சரிவதற்கு முந்தைய நாளே, அளவுகளைப் பார்த்து அம்மையம் எச்சரித்தது. மீனச்சிலாற்றுக் கரையிலும் பள்ளிப் பிள்ளைகள் உட்படப் பலர் மழையை அளந்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். ஒரு பள்ளத்தாக்கில் பெய்வது அடுத்த பள்ளத்தாக்கில் பெய்வதில்லை. நகரத்து நிலையத்தின் அளவு லயத்துக்குப் பொருந்தாது. ஆகையால் அளப்பது அங்கேயே குடியிருப்பவர் வேலையாகிறது.

சூரல்மலைச் செய்தி வந்த அன்று அத்தையே என்னைக் கூப்பிட்டார். "அந்த டீச்சரம்மாவை இங்கே வந்து பேசச் சொல்லு. தமிழிலே பேசச் சொல்லு" என்றார்.

மழைக்காலம் கழிந்த பின், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்தப் பெண்ணும் அவருடன் இரண்டு மாணவரும் வந்தார்கள். பாலக்காட்டிலிருந்து நான் பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் வழியாகப் போய்ச் சேர்ந்தேன். குழந்தைகள் காப்பகத்தில் பாய் விரித்திருந்தது. முப்பது பேர் இருப்பார்கள், பெண்களே மிகுதி. திரை இல்லை, சாக்கட்டியால் தரையிலேயே மலையை வரைந்தார். முதலில் எவரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒரு கிழவர், சரிவில் முன்பு நின்ற மரங்களை எந்த ஆண்டு வெட்டினார்கள் என்று சொல்லத் தொடங்கினார். இன்னொருவர் ஆண்டைத் திருத்தினார். ஓடை பழைய காலத்தில் ஓடிய வழி இதுவன்று என்று ஒருவர் எழுந்து வந்து சாக்கட்டியை வாங்கிக் கோட்டை அழித்து வேறு கோடு போட்டார். மாணவர் இருவரும் எழுதி மாளவில்லை. நான் பல்கலைக்கழகத்தில் கேட்ட எந்தப் பேச்சுக்கும் இது குறைந்ததன்று.

முடியும் தறுவாயில் ஓர் இளம் தாய் எழுந்தார். கைக்குழந்தை தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. "மழை இத்தனைக்கு மேலே போனா வீட்டை விட்டு வெளியே போகணும்னு சொல்றீங்க. மேட்டிலே பள்ளிக்கூடத்துக்குப் போகணும்னு சொல்றீங்க. ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பள்ளிக்கூடத்துப் பூட்டை யார் திறப்பாங்க?"

அந்தப் பெண் தம் குறிப்பேட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எவரிடமும் விடை இல்லை. சாவி தலைமையாசிரியரிடம் இருக்கிறது. அவர் குடியிருப்பதோ மூணாறு நகரத்தில். அன்று பேச்சு அத்துடன் நின்று, எல்லோரும் சாவியைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசினோம்.

மறுவாரம் மச்சானும் இன்னும் நால்வரும் தலைமையாசிரியரைப் போய்ப் பார்த்தார்கள். அவர் நல்ல மனிதர். மேலிடத்தில் எழுதிக் கேட்க வேண்டும் என்று முதலில் சொன்னவர், மழைமானியின் குறிப்பேட்டைக் காட்டியபின் இரண்டு மாற்றுச் சாவிகள் செய்துகொள்ள இசைந்தார். ஒன்று தோட்டத்து மேற்பார்வையாளரிடம் இருக்கிறது. மற்றொன்று அத்தை வீட்டில், மழை அளவுகளைக் கரியால் குறித்த சுவரில், ஆணியில் தொங்குகிறது.